பேராச்சிக்கு விட்ட இடம்

வந்தனா கறுப்பு வெள்ளை என்றாள். நான் கலர் என்றேன். மூன்று வாரமாக வீட்டில் இதே பேச்சு.

கேட்கிறவர்களுக்கு இது ஒரு போட்டோவைப் பற்றிய வாக்குவாதமாகத்தான் பட்டிருக்கும். எனக்கு அப்படியில்லை. செத்துப்போன ஒருத்தியோடு இருபத்திரண்டு வருஷமாக நான் நடத்திக்கொண்டிருக்கும் சண்டை அது. சண்டை நடப்பதே அவளுக்குத் தெரியாது என்பதில்தான் எனக்கு வயிற்றெரிச்சல் அதிகம்.

என் பெயர் மாரீஸ்வரி. பூலோகத்துக்கு இரண்டாம் தாரம். முதல் தாரம் பேராச்சி மஞ்சள் காமாலையில் போனபோது அவளுக்கு இருபத்து நாலு வயது, மகள் வந்தனாவுக்கு மூன்று. மறு வருஷம் நான் வந்தேன். அப்போது தாராவியில் ஒற்றை அறை, இப்போது திலக் நகரில் ஏழாவது மாடி. அவருடைய பை தைக்கிற பட்டறை மட்டும் இன்னும் தாராவியிலேயே ஓடுகிறது. எனக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. வந்தனாவைக் குளிப்பாட்டியது, பேன் பார்த்தது, பரீட்சைக்கு எழுப்பிவிட்டது எல்லாம் நான். அவள் என்னைச் சித்தி என்பாள், நீங்க என்று மரியாதையாகப் பேசுவாள். சுவரில் படமாக இருக்கிற பேராச்சியிடம் மட்டும், "அம்மா, இன்னிக்கு இன்டர்வியூ, நீ பாத்துக்கோ" என்று உரிமையோடு சொல்லிவிட்டுப் போவாள். நான் டிபன் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் சுமங்கலியாகப் போனவள் வீட்டுச்சாமி. அவளுக்கென்று ஓர் ஓலைப்பெட்டி உண்டு. தை மாதம் கடைசி வெள்ளிக்கிழமை அவர் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு பெட்டியைப் பரணிலிருந்து இறக்குவார். புதுச்சேலையும் வளையலும் பூவும் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டபின் சேலையைப் பெட்டிக்குள் வைப்பார். போன வருஷத்துச் சேலை வெளியே வரும். அதை நான் கட்டிக்கொள்ள வேண்டும், அப்போதுதான் அவள் மனம் குளிருமாம். ஆக, என் பீரோவில் இருக்கிற நல்ல சேலைகளில் பாதி அவள் ஒரு வருஷம் வைத்திருந்துவிட்டு எனக்குக் கொடுத்தவை. அந்தச் சேலையை மாட்டுங்காவில் போய் எடுக்கும்போது அவர் கடை வாசலிலேயே நின்றுவிடுவார். "எனக்கு எந்தக் கலரும் மனசுல நிக்காதுட்டி, நீயே பாரு" என்பார். நானே அவளுக்குப் பார்த்து எடுத்து, நானே ஒரு வருஷம் காத்திருந்து, நானே கட்டிக்கொள்கிறேன்.

சுவரில் தொங்குவது அவளுடைய ஒரே படம். முதலில் அது கலர்ப் படமாகத்தான் இருந்ததாம். அவள் இறந்தபிறகு பெரிதாக்கக் கொடுத்தபோது, செத்தவர்களைக் கலரில் மாட்டக் கூடாது என்று சொந்தக்காரர்கள் சொல்ல, ஸ்டுடியோக்காரர் கறுப்பு வெள்ளையாக மாற்றிக் கொடுத்துவிட்டார். மூலப் படமும் கல்யாண ஆல்பமும் 2005 வெள்ளத்தில் கூழாகிப் போயின. உயரத்தில் தொங்கியதால் அவள் மட்டும் நனையாமல் தப்பித்தாள். இடுப்பளவு தண்ணீரில் அரிசி டப்பாவைத் தலையில் வைத்துக்கொண்டு நான் அவளை நிமிர்ந்து பார்த்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்போதும் நன்றாகத்தான் இருந்தாள்.

வந்தனாவுக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் புனேயில் வேலை. நிச்சயம் முடிந்த மறுநாள் காலையில் அவள் பேச்சை ஆரம்பித்தாள்.

"போறதுக்கு முன்னாடி நாம நாலு பேரும் ஒரு ஃபேமிலி போட்டோ எடுத்துக்கணும் சித்தி. இங்க ஒண்ணு மாட்டணும், நான் ஒண்ணு எடுத்துட்டுப் போவேன்."

"நாலு பேரா? மாப்பிள்ளையுமா வாராரு?"

"இல்ல. அம்மா."

தோசையைத் திருப்பிப் போட்டேன். அது கொஞ்சம் கருகியிருந்தது.

இப்போதெல்லாம் இது சர்வசாதாரணமாம். இறந்தவர் படத்தைக் கம்ப்யூட்டரில் வெட்டி எடுத்து உயிரோடிருப்பவர்கள் நடுவில் நிற்க வைத்துவிடுகிறார்கள். வந்தனாவோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த ராஹில் செம்பூர் ஸ்டேஷன் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறான், அவன் செய்து தருவானாம். ஒரு சிக்கல்தான். அம்மா கறுப்பு வெள்ளை, மற்றவர்கள் கலர் என்றால் ஒட்ட வைத்தது தெரிந்துவிடும்.

"அதான் எல்லாருமே பிளாக் அண்ட் வைட்ல எடுத்துக்கலாம்னு. அப்போ நாலு பேரும் ஒரே மாதிரி இருப்போம்."

ஒரே மாதிரி. எனக்குப் பிடிக்காதது அதுதான். கலரில் என் நெற்றிக் குங்குமம் சிவப்பாக இருக்கும், தாலிக்கயிறு மஞ்சளாக இருக்கும். பார்க்கிறவர்களுக்கு இவள் இருக்கிறாள், அவள் இல்லை என்று உடனே புரியும். கறுப்பு வெள்ளையில் என் குங்குமமும் கறுப்பு, அவள் குங்குமமும் கறுப்பு. இரண்டு பேரில் யார் பெண்டாட்டி என்று கேட்டால் படம் பதில் சொல்லாது. இந்த வீட்டை இத்தனை வருஷம் தூக்கிச் சுமந்துவிட்டு, கடைசியில் சுவரில் அவளுக்குச் சரிசமமாக நிற்பதா?

இதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? வேறு மாதிரிச் சொன்னேன்.

"கல்யாணம் வச்சிருக்கிற வீட்டுல, உசுரோட இருக்கிறவள கறுப்பு வெள்ளையில எடுக்கதாவது. நாளைக்கே எனக்கும் மாலை வாங்கிப் போட்டிருவியா?"

"சித்தி, இப்போ அது ஃபேஷன். கல்யாணப் பொண்ணுங்களே எடுக்கிறாங்க."

"எடுக்கட்டும். நான் நிக்க மாட்டேன்."

அவரைக் கேட்டோம். அவர் ரசத்தை உறிஞ்சிக்கொண்டே, "எதுன்னாலும் சரி, சண்டை போடாதிய" என்றார். எப்போதும் அதுதான் அவர் தீர்ப்பு. கடைசியில் வந்தனாதான் ஒரு வழி சொன்னாள். ராஹில் இரண்டு விதமாகவும் செய்து காட்டட்டும், பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். நான் வேண்டுமென்றே குங்குமச் சிவப்பில் சேலை கட்டியிருந்தேன். பெட்டிச் சேலை இல்லை, நானே எடுத்தது. அவர் படத்தைச் சட்டத்தோடு துண்டில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பள்ளத்தில் வண்டி குலுங்கியபோதெல்லாம் அவர் கை அதன் மேல் போனது. பக்கத்தில் நானும்தான் குலுங்கினேன்.

ராஹில் கெட்டிக்காரன். தாராவியில் எங்கள் பிள்ளைகளோடு வளர்ந்தவன் என்பதால் இந்தி கலந்து தமிழ் பேசுவான். அவரை நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தான். ஒரு பக்கம் வந்தனா நின்றாள். மறுபக்கம் நான் போய் நின்றேன்.

"ஆண்ட்டி, தோடா, கொஞ்சம் தள்ளி. அங்க்கிள் பக்கத்துல ஒரு ஆள் நிக்கிற ஜகா விடுங்க."

"என்னத்துக்கு?"

"அவங்க வருவாங்கல்ல."

"அவ மக பக்கத்துல நிக்கட்டுமே. அந்தப் பக்கம் இடம் கெடக்குல்லா."

"அந்த போட்டோல அவங்க மூஞ்சி இந்தப் பக்கம் திரும்பியிருக்கு ஆண்ட்டி. லைட்டும் இந்தப் பக்கம்தான். அங்க வச்சா நல்லாருக்காது."

தள்ளி நின்றேன். அவருக்கும் எனக்கும் நடுவில் ஒன்றரை அடி வெறும் இடம். எதற்கும் உதவாத காலி இடம்தான், ஆனாலும் அதைத் தாண்டி அவர் தோளில் கை வைக்க முடியவில்லை. "ஆண்ட்டி, தோடா சிரிங்க" என்றான் ராஹில். சிரித்தேன். அந்தச் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கே தெரியும்.

பிறகு பேராச்சியின் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி ஸ்கேன் செய்து, அரைமணி நேரம் மவுஸை நகர்த்தி நகர்த்தி அவளை அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். நாங்கள் மூன்று பேரும் பின்னால் நின்று பார்த்தோம்.

முதலில் கறுப்பு வெள்ளையைக் காட்டினான். நன்றாக இருந்தது, அதுதான் கொடுமை. அவள் அங்கேயே பிறந்து வளர்ந்தவள்போல அவர் பக்கத்தில் நின்றாள். இருபத்து நாலு வயது. வந்தனாவுக்கு அக்கா என்றுகூடச் சொல்ல முடியாது, தங்கை என்று சொல்லலாம். ஓரத்தில் நான், கண்ணுக்குக் கீழே பை தொங்க, நாற்பத்தேழு வயதில். அப்பா, அம்மா, மகள், ஊரிலிருந்து கல்யாணத்துக்கு வந்த ஓர் உறவுக்காரி என்று யாராவது சொன்னால் மறுக்க முடியாது.

"வாவ்" என்றாள் வந்தனா. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"இப்போ கலர் பாருங்க" என்று ராஹில் ஒரு பொத்தானைத் தட்டினான்.

என் சேலை பளீரென்று வந்தது. குங்குமம் வந்தது, தாலி வந்தது, வந்தனாவின் நீலச் சுடிதார் வந்தது, அவருடைய வெள்ளைச் சட்டைகூட உயிரோடு தெரிந்தது. நடுவில் அவள் மட்டும் சாம்பல் பூசினாற்போல் நின்றாள். வந்தனாவின் கண் கலங்கிவிட்டது. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தைவிடச் சந்தோஷம் கூடுதலாக இருந்தது என்று சொல்லாவிட்டால் அது பொய்.

"பாத்தியளா, கலர்தான் நல்லாருக்கு" என்றேன்.

"ஆண்ட்டி சொல்றது சஹி, கரெக்ட்" என்றான் ராஹில். "மூணு பேரும் கலர்ல நல்லா வந்திருக்கீங்க. கலரே வச்சுக்கலாம். இவங்களுக்கும் கலர் போட்டுடலாம், முகம், முடியெல்லாம் கம்ப்யூட்டரே போட்டுடும். சேலை என்ன கலர்னு மட்டும் அதுக்குத் தெரியாது. அத நீங்க சொல்லணும்."

வந்தனா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். "அப்பா, என்ன கலர்ப்பா?"

கலர் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று, கடைசியில் அவளுக்குச் சாயம் பூசிக் கொடுத்திருக்கிறேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் பெரிய பயம் இல்லை. நேற்று நான் கட்டியிருந்த சேலையின் நிறத்தைக் கேட்டால் விழிக்கிற மனுஷன், இருபத்து மூன்று வருஷத்துக்கு முந்திய சேலையையா சொல்லப் போகிறார்?

அவர் கண்ணை மூடினார்.

"கிளிப்பச்சை" என்றார். "மஞ்சக் கரை. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. முந்தியில ஒரு எடத்துல நூலு இழுபட்டு வெளிய நின்னுச்சி. அத விரல்ல சுத்துதா, அவுக்கா, மறுபடி சுத்துதா. ஒரு வார்த்தை பேசல. நான் அந்த விரலத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

இத்தனை வருஷத்தில் எந்தக் கலரும் மனசில் நிற்காது என்று என்னிடம் சொன்னவர், அவள் சேலையின் ஒற்றை நூலைக்கூட எண்ணி வைத்திருக்கிறார். எனக்குக் கிடைத்ததெல்லாம் மிச்சம்தான், அவள் கட்டி முடித்த சேலை, அவள் வைத்துவிட்டுப் போன பிள்ளை, அவள் பார்த்து முடித்த புருஷன். அப்படியே எழுந்து வெளியே போய்விடலாம் என்று இருந்தது.

ராஹில் பச்சையை எடுத்து அவள் தோளில் தடவினான். அந்த நிறத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு நூல் ஞாபகம் வந்தது.

அது என் சேலை. என்னைப் பெண் பார்க்க அவர் தாராவியில் என் அண்ணன் வீட்டுக்கு வந்த அன்றைக்கு நான் கட்டியிருந்தது. அண்ணி மாட்டுங்காவில் எடுத்துக் கொடுத்தது, முந்தி வாசற்கதவின் ஆணியில் மாட்டி நூல் இழுபட்டுவிட்டது. அதை மறைக்கத்தான் விரலில் சுற்றிக்கொண்டே நின்றேன். அன்றைக்கு அவர் நிமிரவே இல்லை. பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனுஷன், கட்டாயத்துக்கு வந்திருக்கிறார், தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் இருபத்திரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் விரலைப் பார்த்திருக்கிறார்.

எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். அதே நிமிஷத்தில் அப்படி ஒரு ஆத்திரம். என்னைப் பார்த்ததையும் கொண்டுபோய் அவள் தோளில் போட்டிருக்கிறாரே. இதையாவது நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

"அது அவ சேலை இல்ல" என்றேன். "என் சேலை."

"என்னட்டி சொல்லுத?"

"எங்க அண்ணன் வீட்டுக்கு என்னையப் பாக்க வந்தியள்லா, அன்னைக்கு நான் கட்டியிருந்தேன். நூலச் சுத்தினது நான். ஆணியில மாட்டி இழுபட்டது."

"இல்ல மாரி. அது பேராச்சி. அவளப் பாக்கப் போன அன்னைக்கும் இந்தச் சேலையத்தான் கட்டியிருந்தா."

"படத்தப் பாருங்க. அதுல கரையில மாங்கா ஓடுது. என் சேலையில மாங்கா கெடையாது, வெறும் மஞ்சப் பட்டை. ராஹில், பெருசாக்கிக் காட்டு."

ராஹில் பெரிதாக்கினான். பேராச்சியின் தோளிலிருந்து இறங்கிய கரை திரை முழுக்க நிறைந்தது. மாங்காய்க்கு மேல் மாங்காயாக வரிசை போயிற்று.

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைத் திரும்பிப் பார்ப்பார், மாட்டிக்கொண்டவர்போல ஒரு சிரிப்பு சிரிப்பார், அப்போ ஒன்னையத்தான் பாத்துக்கிட்டிருந்தேனா என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்தார்.

"அப்போ இவ என்ன கட்டியிருந்தா?" என்று கேட்டார். எங்களை இல்லை, தன்னைத்தானே. கண்ணை மறுபடி மூடினார், திறந்தார். "ஒண்ணுமே வரமாட்டேங்கே. அவள நெனச்சா அந்தப் பச்சைதான் வருது. எத்தன வருஷமா அதத்தான் நெனச்சிக்கிட்டு இருந்தேன்." பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "அவள முழுசா மறந்துட்டேன் மாரி."

இதை என்னிடம் சொல்லி, ஸ்டுடியோ ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். ஐம்பத்தாறு வயது மனுஷன். வந்தனா அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

நான் ஜெயித்துவிட்டேன். அவர் மனசுக்குள் இத்தனை வருஷம் நின்றுகொண்டிருந்தது நான்தான், அதற்கு அவரே சாட்சி. ஆனால் அழுவது அவளுக்காக. அவள் நினைவில் இருந்தாலும் அவளுக்கு, இல்லாமல் போனாலும் அவளுக்கு. எனக்காக இந்த மனுஷன் இப்படி ஒரு நாள் அழுவாரா? அவர் அழுவதையும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அழாதிய" என்றேன். "கத்திரிப்பூ கலர்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"கத்திரிப்பூ கலர் சேலை. மாங்கா எல்லாம் வெள்ளிச் சரிகை. ரவிக்கையும் அதே கலர்தான், ஆனா வெளுத்துப் போனது. எழுதிக்கோ ராஹில்."

"உங்களுக்கு எப்படித் தெரியும் சித்தி?"

சொல்லித்தான் ஆக வேண்டும். ஓலைப்பெட்டியின் அடியில் வெள்ளைத் துணியில் பொதிந்து ஒரு மூட்டை உண்டு. அவள் போன அன்றைக்கு அவரே கட்டி வைத்தது. அதைப் பிரிக்கக் கூடாது, அவரே பிரித்ததில்லை. எனக்குக் கல்யாணமாகிப் பத்தாம் நாள், அவர் பட்டறைக்கும் வந்தனா பால்வாடிக்கும் போனபிறகு, கதவைச் சாத்திவிட்டு நான் பிரித்தேன். அப்படி என்ன ரதி என்று பார்க்க வேண்டியிருந்தது. சேலையைப் படத்துக்குக் கீழே விரித்துப் பிடித்து, மாங்காயும் மாங்காயும் ஒன்றுதானா என்று சரிபார்த்தேன். அவள் ரவிக்கையை என் மேல் வைத்துப் பார்த்தேன். பிறகு முடிச்சு மாறாமல் அப்படியே கட்டி வைத்தேன். இதையெல்லாம் சொல்லிவிட்டு, திட்டுவார் என்று காத்திருந்தேன்.

அவர் திட்டவில்லை. "கத்திரிப்பூ" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அவருக்கு ஞாபகம் வந்ததா, வந்ததாக நினைத்துக்கொண்டாரா, தெரியாது.

வந்தனா ஒரு ஸ்டூலை இழுத்து என் முழங்காலில் இடிக்கிற மாதிரி உட்கார்ந்தாள்.

"வேற என்ன இருந்துச்சு அதுல?"

"பாவாடை ஒண்ணு. நீளத்த வச்சிப் பாத்தா என் தோளுக்குத்தான் இருந்திருப்பா, ஒசரம் இல்ல. ரவிக்கையில ஒரு கொக்கி மட்டும் வெள்ள நூலுல தச்சிருந்தது. அவசரத்துக்கு அவளே தச்சிருப்பா போல. தையலு கோணல்."

"அப்புறம்?"

"சீப்பு இருந்துச்சி. அதுல ரெண்டு முடி. சுருட்டை. ஒனக்கு எண்ணெய் வச்சாலும் படியாதுல்லா, அது ஒங்க அப்பா முடி இல்ல, அவ முடி."

வந்தனாவின் கை தலைக்குப் போனது. அங்கே திரையில் ராஹில் கத்திரிப்பூ நிறத்தை ஏற்றிக்கொண்டிருந்தான். அது கொஞ்சம் சிவப்பு தட்டியது. "அவ்வளவு செவப்பு இல்லப்பா, கொற" என்றேன். குறைத்தான். சரியாக வந்தது.

"அப்புறம் சித்தி?"

"முந்தியில ஒரு முடிச்சு இருந்துச்சி. அவுத்தா ரெண்டு ஏலக்கா. வாசன போயிருந்தது."

இமைகூட அசைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சொன்ன எதையும் இந்தப் பிள்ளை இதுவரை இப்படிக் கேட்டதில்லை. அந்தப் பார்வை எனக்கில்லை என்று எனக்குத் தெரியும். பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் நான் நிறுத்தினால் அவள் எழுந்து போய்விடுவாள். அதனால் எனக்குத் தெரிந்த பேராச்சியை ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே போனேன்.